குழந்தையோடு விமானப் பயணம்: ஸ்ட்ரோலரை எங்கே கொடுப்பது, எப்படித் திரும்ப வாங்குவது

சின்னக் குழந்தையோடு விமானம் ஏறும்போது ஸ்ட்ரோலரை (குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டியை) கொண்டுபோகலாமா என்றால், தாராளமாகக் கொண்டுபோகலாம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. ஆனால் இருக்கை வரை தள்ளிக்கொண்டு போக முடியாது. வழியில் ஓர் இடத்தில் கொடுத்தாக வேண்டும், இன்னோர் இடத்தில் வாங்கியாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே குழந்தை உங்கள் இடுப்பில்தான். அந்த இடைவெளி அரை மணி நேரமாகவும் இருக்கலாம். நடுவில் விமானம் மாறவேண்டி வந்து, அதுவும் தாமதமானால் அரை நாளாகவும் ஆகலாம். எந்த ஸ்ட்ரோலர் வாங்குவது என்று வாரக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட இதை யோசிப்பதில்லை. நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

1. எங்கே கொடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வழி உண்டு. செக்-இன் கவுண்டரில் பெட்டிகளோடு சேர்த்துப் போட்டுவிடலாம். விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே கொடுக்கலாம். சுருங்க மடிகிற ரகமாக இருந்தால், கைப்பெட்டி மாதிரி உள்ளேயே எடுத்துப் போய் இருக்கைக்கு மேலே உள்ள ரேக்கில் வைத்துக்கொள்ளலாம்.

கவுண்டரில் கொடுத்தால் கை லேசாகிவிடும். பாதுகாப்புச் சோதனையில் மடித்து விரிக்கிற வேலை கிடையாது. ஆனால் அதன் பிறகு கேட் (விமானம் ஏறக் காத்திருக்கும் இடம்) வரை நடை முழுக்கக் குழந்தையைத் தூக்க வேண்டும். பெரிய விமான நிலையங்களில் அந்த நடை இருபது நிமிடம்கூட ஆகும். விமானம் தாமதம் என்று அறிவித்துவிட்டால், தூங்கும் குழந்தையைக் கிடத்த ஓர் இடம் இருக்காது.

விமான வாசலில் கொடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. நானும் அதைத்தான் சொல்வேன், குறிப்பாக மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு. குழந்தை உட்கார மட்டுமா ஸ்ட்ரோலர்? டயப்பர் பை, தண்ணீர் பாட்டில், கழற்றிப் போட்ட ஸ்வெட்டர் எல்லாம் அதில்தான் தொங்கும்.

உள்ளே எடுத்துப் போகிற வழி கேட்பதற்கு மிக நன்றாக இருக்கும். இறங்கியவுடன் கையில் ஸ்ட்ரோலர், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், உடையும் பயமும் இல்லை. ஆனால் அது ரேக்கில் இடம் இருக்கிறதா, அன்றைக்கு எந்த விமானம், வாசலில் நிற்கும் சிப்பந்தி என்ன சொல்கிறார் என்ற மூன்றையும் நம்பி நிற்கிற ஏற்பாடு. இடம் இல்லை என்று சொல்லிவிட்டால் அதுவும் கீழேதான் போகும். அதனால் உள்ளே எடுத்துப் போகத் திட்டமிடுகிறவர்களும், கீழே போனால் என்ன செய்வது என்பதற்குத் தயாராகவே போக வேண்டும்.

2. நிறுவனத்தின் விதியில் பார்க்க வேண்டியவை

டிக்கெட் எடுத்தவுடன் நிறுவனத்தின் இணையதளத்தில் குழந்தைகளுக்கான பக்கத்தைத் திறந்து சில விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், இலவசம் யாருக்கு? விமானத்தில் 2 வயது நிரம்பாத குழந்தை மடியில் உட்கார்ந்து போகலாம். 2 வயது ஆகிவிட்டால் தனி இருக்கை வாங்க வேண்டும். ஸ்ட்ரோலர் சலுகையைச் சில நிறுவனங்கள் மடிக்குழந்தைக்கு மட்டும் தருகின்றன. சிலவற்றில் தனி இருக்கையில் வரும் பெரிய குழந்தைக்கும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் இந்த வரியைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும்.

அடுத்தது, எத்தனை பொருள்? ரயன்ஏர், ஈஸிஜெட் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்கள்கூட ஒரு குழந்தைக்கு ஸ்ட்ரோலர், கார் சீட் என இரண்டு சாமான்களை இலவசமாக ஏற்றிக்கொள்கின்றன. கைப்பைக்கே காசு கேட்கும் நிறுவனங்கள் இந்த விஷயத்தில் மட்டும் தாராளமாக இருக்கின்றன.

எடையும் அளவும் முக்கியம். கனமான ஸ்ட்ரோலரையும் மடிக்க முடியாத ஸ்ட்ரோலரையும் கேட்டில் வாங்காமல், கவுண்டரிலேயே கொடுத்துவிடச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. பெரிய சக்கர ஜாகிங் ஸ்ட்ரோலர், இரட்டை ஸ்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும்.

டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்து, விமானத்தை ஓட்டுவது வேறு நிறுவனமாக இருந்தால், கேட்டில் நிற்பவர்கள் பார்ப்பது ஓட்டுகிறவர்களின் வழக்கத்தைத்தான். போர்டிங் பாஸில் சின்ன எழுத்தில் அந்தப் பெயர் இருக்கும். அவர்களுடைய பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் வைத்துக்கொள்வது நல்லது. “அப்படி விதி இல்லையே” என்று ஊழியர் சொன்னால் வாக்குவாதம் செய்வதைவிடப் படத்தைக் காட்டுவது சீக்கிரம் வேலையை முடிக்கும்.

3. எந்த ஸ்ட்ரோலர்?

பயணத்துக்கென்றே புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வீட்டில் இருப்பது மடியுமா, மடித்தால் பூட்டிக்கொள்ளுமா, ஒரு கையால் தூக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதுவே போதும். விலை உயர்ந்த, தோல் கைப்பிடி போட்ட ஸ்ட்ரோலரைச் சரக்கு அறைக்கு அனுப்பிவிட்டுப் பயணம் முழுக்கக் கவலைப்படுவதைவிட, கீறல் விழுந்தாலும் வருத்தப்படத் தேவையில்லாத, குடை மாதிரி மடியும் எளிய ரகம் மேல்.

உள்ளே எடுத்துப் போகவே வாங்குகிறீர்கள் என்றால் அளவை செ.மீ.யில் பாருங்கள், விளம்பர வார்த்தையில் பார்க்காதீர்கள். பல ஸ்ட்ரோலர்களில் ஐஏடிஏ அளவுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும். ஐஏடிஏ என்பது விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம். கைப்பெட்டிக்கு அவர்கள் சொல்லும் 56 × 45 × 25 செ.மீ. என்பது பொதுவான வழிகாட்டல்தான்; எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது அந்தந்த நிறுவனம். பல நிறுவனங்களில் கைப்பெட்டி அகலம் 40 செ.மீ.யோடு முடிந்துவிடும். உதாரணமாக, பலரும் வாங்கும் யோயோ ஸ்ட்ரோலர் மடித்தால் 52 × 44 × 18 செ.மீ. முதல் அளவுக்குள் சுலபமாக அடங்கிவிடும். 40 செ.மீ. விதி உள்ள நிறுவனத்தில் கறாரான ஊழியர் ஒருவர் அளந்து பார்த்தால் அகலத்தில் 4 செ.மீ. அதிகம். ஜிபி பாக்கிட் இன்னும் சிறியது: 30 × 18 × 35 செ.மீ. அளவுக்குச் சுருங்கும்.

விமானத்தையும் பாருங்கள். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்றவற்றின் ரேக்கில் இந்த அளவுகள் போகும். ஏடிஆர் 72 மாதிரி இறக்கையில் விசிறி சுழலும் சின்ன டர்போபிராப் விமானங்களில் ரேக்கே தாழ்வாக இருக்கும்; அங்கே சாதாரணக் கைப்பெட்டியையே படிக்கட்டுக்குக் கீழே வாங்கிக்கொள்வார்கள். எந்த ரகம் என்பது டிக்கெட் எடுக்கும்போதே திரையில் வந்துவிடும்.

இன்னொன்று, இதில் அவசரப்பட வேண்டாம். சுருங்க மடியும் ஸ்ட்ரோலர்கள் பலவற்றில் முதுகுச் சாய்மானம் முழுசாகப் படுக்காது. தலை நிற்காத பச்சிளங்குழந்தைக்கு அவை சரிப்படாது. ஆறு மாதத்துக்கு மேல் என்று தயாரிப்பாளரே குறித்திருப்பார். அதற்கு முந்தின வயதில் பேபி கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொள்வது எல்லாவற்றையும்விட எளிது.

பேபி கேரியர் என்றவுடன் சொல்லிவிடுகிறேன்: ஸ்ட்ரோலர் எதுவாக இருந்தாலும், துணிக் கேரியர் ஒன்று கைப்பையில் கட்டாயம் இருக்கட்டும். முதலில் சொன்ன இடைவெளியை நிரப்புவது அதுதான். கேட் மாறிவிட்டது, லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஸ்ட்ரோலர் வந்து சேரவில்லை எல்லாவற்றுக்கும் ஒரே பதில். தனியாக ஒரு பெரியவர் மட்டும் குழந்தையோடு போகிறார் என்றால், என்னைக் கேட்டால் ஸ்ட்ரோலரை விட்டாலும் விடலாம், கேரியரை விடக் கூடாது.

4. கிளம்புவதற்கு முந்தின இரவு

மடித்துப் பழகுங்கள். எப்போதும் செய்வதுதானே என்று தோன்றும். ஆனால் வாசலில் அதைச் செய்யும்போது ஒரு கையில் குழந்தை இருக்கும், தோளில் பை இருக்கும், பின்னால் வரிசை நிற்கும். பையைத் தோளில் மாட்டி, குழந்தையை இடுப்பில் வைத்து, ஒரு கையாலும் காலாலும் மடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையா? சரி, அப்போது குழந்தை கேரியரில் இருக்க வேண்டும் என்று இப்போதே தெரிந்துகொண்டீர்கள்.

அப்புறம், கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றுங்கள். கப் ஹோல்டர், பை மாட்டும் கொக்கி, தொங்கும் பொம்மை, குழந்தைக்கு முன்னால் குறுக்கே வரும் கைப்பிடிக் கம்பி, மழைக்கவர். சுமை ஏற்றுகிறவர்களுக்கு ஸ்ட்ரோலரில் எது கைக்கு முதலில் அகப்படுகிறதோ அதுதான் பிடி. முன் கம்பியைப் பிடித்துத் தூக்கினால் அது முறிந்துவரும். கழற்றியதெல்லாம் ஒரு துணிப்பையில் உங்களோடு வரட்டும். கீழ்க்கூடையையும் காலி செய்யுங்கள்.

மடித்த பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கியை மட்டும் நம்பாதீர்கள். பெட்டிக்குக் கட்டும் பெல்ட் ஒன்றைச் சுற்றி இறுக்கிவிட்டால், தூக்கும்போது விரியாது. விரிந்துகொண்ட ஸ்ட்ரோலர்தான் கதவிலும் பெட்டி மூலையிலும் மாட்டி வளையும்.

பெயர், நாட்டுக் குறியீட்டோடு கைபேசி எண், பயணத் தேதி, விமான எண் எழுதிய அட்டை ஒன்றைச் சட்டத்திலேயே கட்டுங்கள். கவர் போடுவதாக இருந்தால் உள்ளே ஒன்று, கவர் மேலே ஒன்று. கவர் நல்லதுதான், அழுக்கும் மழையும் படாது, சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. ஆனால் பல கவர்கள் கறுப்புப் பை மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பது ஸ்ட்ரோலர் என்று பெரிதாக எழுதி ஒட்டினால் விமான வாசலுக்குத் திரும்பி வர வாய்ப்பு அதிகம். கவருக்குள் இடம் இருக்கிறதே என்று துணியையும் டயப்பரையும் திணிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. இலவசச் சலுகை ஸ்ட்ரோலருக்கு மட்டும்தான். திறந்து பார்த்தால் காசு கேட்பார்கள்.

பேட்டரி விஷயத்தில் கவனம் வேண்டும். ஸ்ட்ரோலரில் கிளிப் போட்ட குட்டி மின்விசிறி, கைப்பிடியில் தொங்கும் பையில் பவர் பேங்க் இரண்டையும் எடுத்துக் கைப்பையில் போடுங்கள். பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் சரக்கு அறைக்குப் போகக் கூடாது. கையில் கொண்டுபோகவும் பொதுவான வரம்பு 100 வாட்-அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்பதன் அளவு). மோட்டார் வைத்த ஸ்ட்ரோலர் என்றால் பேட்டரி கழற்ற வருமா, எத்தனை வாட்-அவர் என்பதைப் பார்த்து, நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, நான்கு பக்கமும் போனில் படம் எடுங்கள். சக்கரம், மடிப்பு மூட்டு, கைப்பிடி தெளிவாகத் தெரியட்டும். எதற்கு என்பது கடைசிப் பகுதியில் புரியும்.

5. செக்-இன் கவுண்டரில்

இணையத்தில் செக்-இன் முடித்து, போட வேண்டிய பெட்டி எதுவும் இல்லாவிட்டாலும், ஸ்ட்ரோலர் இருந்தால் கவுண்டருக்கு ஒருமுறை போவது நல்லது. சில நிறுவனங்கள் ஸ்ட்ரோலருக்கான டேக்கை இங்கேதான் போடும், சில கேட்டில் போடும். கேட்டில் போய் நின்று கவுண்டரில் வாங்கியிருக்க வேண்டும் என்று கேள்விப்படுவது நல்ல அனுபவமாக இருக்காது.

கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: “இதை விமான வாசலில் கொடுத்தால், எங்கே திரும்பக் கிடைக்கும்?” டேக்கைப் பாருங்கள். விமான வாசலில் திரும்பத் தரும் சாமானுக்குப் போடும் டேக்கில் டி.ஏ.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும்; விமானத்தருகே ஒப்படைக்க வேண்டும் என்று அர்த்தம். டேக்கில் அச்சாகியிருக்கும் ஊரும் முக்கியம். நடுவில் விமானம் மாறுகிறீர்கள், டேக்கிலோ கடைசி ஊரின் குறியீடுதான் இருக்கிறது என்றால், மாறும் இடத்தில் ஸ்ட்ரோலர் உங்கள் கைக்கு வராது.

சில டேக்குகளில் லிமிடெட் ரிலீஸ் என்று ஒரு பகுதி இருக்கும். சாமான் உடையக்கூடியது, சரியாகக் கட்டப்படவில்லை, ஏற்கெனவே சேதம் என்றெல்லாம் ஊழியர் டிக் செய்து உங்களிடம் கையெழுத்து வாங்குவார். உடைந்தால் பொறுப்பைக் குறைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு இது. எதை டிக் செய்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இல்லாத சேதத்தைக் குறித்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள். ரசீதுத் துண்டைப் போர்டிங் பாஸோடு சேர்த்து வையுங்கள்.

இருக்கையும் இங்கே பேசிவிடலாம். தொட்டில் மாட்டும் முன்வரிசை இருக்கை கிடைத்தால் குழந்தைக்கு வசதி. ஆனால் அந்த வரிசையில் காலடியில் வைக்க முன் இருக்கை கிடையாது. விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் எல்லாச் சாமானும் மேலே போயாக வேண்டும். உள்ளே ஸ்ட்ரோலர் கொண்டுபோகிறவர்களுக்கு அந்த ஒரே ரேக்கில் டயப்பர் பையும் போட்டிக்கு வரும்.

6. பாதுகாப்புச் சோதனை

இங்கேதான் பலர் திணறுகிறார்கள். வேலை என்னவோ சின்னதுதான், எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குழந்தை உட்கார்ந்தபடியே ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக விடமாட்டார்கள். குழந்தை வெளியே வர வேண்டும், ஸ்ட்ரோலர் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போக வேண்டும். அதனால் தூங்குகிற குழந்தையையும் எழுப்பித்தான் ஆக வேண்டும்; இதைத் தவிர்க்க வழியே இல்லை. தூக்க நேரத்தை இதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

வரிசையில் நிற்கும்போதே பைகளை எடுத்து, போர்வையையும் பொம்மையையும் பையில் போட்டுவிடுங்கள். குழந்தை உட்கார்ந்தே இருக்கட்டும். முதலில் தட்டுகளில் போன், லேப்டாப், பெல்ட், பால் பாட்டில் எல்லாம் போகட்டும். அதன் பிறகு குழந்தையைத் தூக்குங்கள். கடைசியாக ஸ்ட்ரோலரை மடித்து எக்ஸ்ரே இயந்திரத்தின் பெல்ட்டில் வையுங்கள், சக்கரம் முன்னால் போகிற மாதிரி. பலர் முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பிறகு ஒரு கையால் லேப்டாப்பைத் தேடுகிறார்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் குழந்தையோடு முன்னால் போய் அந்தப் பக்கம் நிற்கட்டும். மற்றவர் சாமான்களை அனுப்பட்டும்.

கைப்பை சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரத்தின் வாய் பொதுவாக 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் இருக்கும். பெரிய ஸ்ட்ரோலர் நுழையாது. அதைத் தனியாக எடுத்துக் கையால் தடவியும், துணித்துண்டால் துடைத்து வெடிமருந்துச் சோதனை செய்தும் அனுப்புவார்கள். அதற்கு ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். இரட்டை ஸ்ட்ரோலருக்குப் பெரும்பாலும் இப்படித்தான். கேரியரில் குழந்தை இருந்தால் சில நாடுகளில் அப்படியே கடந்து போக விடுவார்கள், சில நாடுகளில் அவிழ்க்கச் சொல்வார்கள். சொன்னபடி செய்துவிடுங்கள், வாதாடிப் பயனில்லை.

தாய்ப்பால், பால் பவுடர் கலந்த பால், குழந்தையின் தண்ணீர் இவற்றுக்கு 100 மி.லி. வரம்பிலிருந்து விலக்கு உண்டு. தனியாக எடுத்துக் காட்ட வேண்டும். பாட்டிலைச் சோதிக்கக் கேட்கலாம்.

7. கேட்டிலிருந்து விமான வாசல் வரை

கேட்டுக்குப் போனவுடன், மேசையில் ஆள் வந்ததும் ஸ்ட்ரோலரைக் காட்டுங்கள். கவுண்டரில் டேக் போடவில்லை என்றால் இங்கே போட்டுக்கொள்ளலாம். போர்டிங் தொடங்கிய பிறகு கேட்டால், பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சு கேட்கும்.

குழந்தையோடு வருபவர்களை முதலில் ஏறச் சொல்வார்கள். ஏற வேண்டுமா? ஸ்ட்ரோலரை ரேக்கில் வைக்கப் போகிறவர்கள் ஏறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இடம் இருக்காது. வாசலில் கொடுக்கப் போகிறவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி வேறு: ஒருவர் பைகளோடு முதலில் ஏறி இடத்தைத் தயார் செய்யட்டும், மற்றவர் குழந்தையை கேட் பக்கம் ஓடவிட்டுக் கடைசியில் வரட்டும். நடக்கப் பழகிய குழந்தையை அரை மணி நேரம் முன்னாலேயே இருக்கையில் கட்டிப்போடுவதில் என்ன லாபம்?

ஏரோபிரிட்ஜில் (கேட்டிலிருந்து விமானக் கதவு வரை போகும் மூடிய நடைபாலத்தில்) சரிவாக இறங்கிப் போவீர்கள். விமானக் கதவுக்குச் சற்று முன்னால், பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவும், அதற்கு வெளியே தரைக்கு இறங்கும் இரும்புப் படிக்கட்டும் இருக்கும். அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று ஸ்ட்ரோலர்கள் சுவரோரம் சாய்ந்திருக்கும். அதுதான் இடம். போர்டிங் முடிகிற நேரத்தில் தரைப் பணியாளர் ஒருவர் வந்து, கைக்கு ஒன்றாகப் பிடித்து, அந்தப் படிக்கட்டு வழியே இறக்குவார். கடைசியாக ஏறும் சாமான் என்பதால் பெரிய விமானங்களில் இவை பெட்டிகள் போகும் கன்டெய்னருக்குள் போகாது. பின்பக்கத்தில் தனிச் சாமான்களுக்கு உள்ள அறையில் கையால் வைக்கப்படும். பெல்ட் கட்டச் சொன்னதும், கம்பியைக் கழற்றச் சொன்னதும் இந்தப் படிக்கட்டை நினைத்துத்தான்.

சரி, அந்த இடத்தில் செய்ய வேண்டியது: பிரேக் போடுங்கள். கூடையில் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். குழந்தையைத் தூக்குங்கள். மடித்து, பெல்ட் கட்டி, டேக் வெளியே தெரியும்படி சுவரோரம் சாய்த்து வையுங்கள். அங்கே ஊழியர் இருந்தால் அவரிடம் காட்டிவிட்டு உள்ளே போங்கள். குழந்தையின் பிடித்தமான பொம்மை ஸ்ட்ரோலரோடு கீழே போய்விட்டால், பறக்கும் நேரம் முழுக்க அதற்கான அழுகை உங்களுக்குத்தான்.

ஏரோபிரிட்ஜ் இல்லாமல் பேருந்தில் கொண்டுபோனால், பேருந்தில் ஏறும்போதே மடித்துவிடுங்கள். பிரேக் போட்டாலும் கூட்டத்தில் ஸ்ட்ரோலர் நகரும். விமானத்தின் படிக்கட்டடியில் கொடுக்க வேண்டியிருக்கும். எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலரோடு எங்கேயும் ஏறாதீர்கள். லிஃப்டுக்கு இரண்டு நிமிடம் அதிகம் நடந்தாலும் பரவாயில்லை.

8. விமானத்துக்குள்

உள்ளே ஸ்ட்ரோலர் வேலை குறைவு. ரேக்கில் வைப்பவர்கள் சக்கரத்தில் கவர் போட்டால் பக்கத்துப் பெட்டிக்காரர் முகம் சுளிக்கமாட்டார். விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் குழந்தையைக் கேரியரிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். பல நாடுகளின் விமானங்களில் பெரியவரின் பெல்ட்டோடு இணைக்கும் குட்டி பெல்ட் தருவார்கள்; அமெரிக்க நிறுவனங்களில் அது கிடையாது, மடியில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு சிப்பந்தியிடம் ஸ்ட்ரோலர் வாசலுக்கு வருமா, பெட்டிகளை வாங்கும் பெல்ட் பகுதிக்கு வருமா என்று கேளுங்கள். அந்தந்த விமான நிலையத்தின் வழக்கம் அவர்களுக்குத்தான் தெரியும்.

9. நடுவில் விமானம் மாறினால்

இடைவெளி நீளுவது இங்கேதான். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் என்றால், முதல் விமானத்தின் வாசலில் ஸ்ட்ரோலர் கிடைக்குமா என்பதை ஏறும் ஊரிலேயே உறுதி செய்யுங்கள். கிடைக்கும் என்றால் இரண்டாவது விமானத்துக்குப் புதிதாக டேக் வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். மாறும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு என்றால், ஸ்ட்ரோலருக்குக் காத்திருப்பதே அடுத்த விமானத்தைத் தவறவிடக் காரணமாகலாம். அப்படிப்பட்ட டிக்கெட்டில் நேராகக் கடைசி ஊருக்கே டேக் போட்டுவிட்டு, நடுவில் கேரியரில் சமாளிப்பதுதான் புத்திசாலித்தனம்.

சில பெரிய விமான நிலையங்களில் ஸ்ட்ரோலரை இலவசமாகவே தருகிறார்கள். சிங்கப்பூர் சாங்கி, துபாய், தோஹாவின் ஹமாத் மூன்றிலும் இந்த வசதி உண்டு. இங்கெல்லாம் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தால், உங்களுடையது கைக்கு வராவிட்டாலும் பெரிய கஷ்டமில்லை. கூட்ட நாளில் எல்லாம் தீர்ந்துபோகும் என்பதால் இதை மட்டும் நம்பிக் கேரியரை விட்டுவிட்டு வராதீர்கள்.

10. இறங்கியதும்

வாசலில் தருவதாகச் சொல்லியிருந்தால், விமானக் கதவைத் தாண்டியதும், கொடுத்த இடம் மாதிரியே இருக்கும் படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஓரமாக நில்லுங்கள். முதல் ஆளாக இறங்கி அவசரப்பட்டுப் பலனில்லை. சரக்கு அறையைத் திறந்து, எடுத்து, படியேறிக் கொண்டுவர நேரம் ஆகும். கூட்டம் வடியும் வரை இருக்கையிலேயே உட்கார்ந்து டயப்பர் மாற்றும் வேலையை யோசித்துக்கொண்டிருக்கலாம்.

கால் மணி நேரத்துக்கு மேல் வரவில்லை என்றால், அங்கே நிற்கும் ஊழியரிடம் டேக் எண்ணைக் காட்டி, பெல்ட்டுக்குப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் பெரும்பாலும் பெட்டிகள் சுற்றும் பெல்ட்டில் வராது. பெரிய சாமான்களுக்கென்று ஓரத்தில் தனிக் கதவு அல்லது தனி பெல்ட் இருக்கும். பெட்டி பெல்ட் முன்னால் காத்திருந்து, ஸ்ட்ரோலர் தொலைந்துவிட்டது என்று பதறுகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஓரத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

கைக்கு வந்ததும் குழந்தையை உடனே உட்காரவைக்காதீர்கள். முழுசாக விரித்து, பூட்டு விழும் சத்தம் கேட்கிறதா, நான்கு சக்கரமும் சுற்றுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, குழந்தையைக் கட்டும் பெல்ட் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பூட்டு சரியாக விழாத ஸ்ட்ரோலர் நடு வழியில் மடிந்துகொள்ளும்.

11. உடைந்திருந்தால், வராமல் போனால்

பெல்ட் ஹாலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே நிறுவனத்தின் லக்கேஜ் கவுண்டருக்குப் போங்கள். குழந்தை அழுகிறது, எல்லோரும் களைத்திருக்கிறார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். ஒருவர் குழந்தையோடு உட்காரட்டும், ஒருவர் போகட்டும். அங்கே பி.ஐ.ஆர். என்ற சாமான் புகார்ப் படிவம் எழுதி, எண்ணோடு நகல் தருவார்கள். அந்த இடத்திலேயே சேதத்தைப் படம் எடுங்கள், டேக்கும் சேர்ந்து தெரியும்படி. முந்தின இரவு எடுத்த படம் இப்போதுதான் பயன்படும்: கிளம்பும்போது கைப்பிடி முழுசாக இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

சர்வதேசப் பயணங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை. அதன்படி, நிறுவனத்திடம் ஒப்படைத்த சாமான் சேதமானால், கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்திருந்தால் 21 நாளுக்குள். புகார் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டால், நல்ல நிலையில் வாங்கினீர்கள் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். பி.ஐ.ஆர். எழுதியதோடு நிற்காமல் தனியாக மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். வழக்குப் போடுவதற்குக் காலக்கெடு 2 ஆண்டு.

தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அன்றன்றைய மதிப்பில் உங்கள் நாணயத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இது ஸ்ட்ரோலருக்கு மட்டும் அல்ல, பெட்டிகளையும் சேர்த்து அந்தப் பயணியின் மொத்தச் சாமானுக்குமான வரம்பு. நடைமுறையில் நிறுவனங்கள் பழுது பார்த்துத் தரும், வாங்கிய ரசீது கேட்டுத் தேய்மானம் கழித்துப் பணம் தரும், சில நேரம் வேறொரு ஸ்ட்ரோலரைக் கொடுத்துவிடும். உள்நாட்டு விமானத்தில் அந்தந்த நாட்டுச் சட்டமும் நிறுவனத்தின் நிபந்தனையும்தான் பேசும். அங்கே கெடு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

தற்காலிகமாக ஒரு ஸ்ட்ரோலர் தர முடியுமா என்று அந்தக் கவுண்டரிலேயே கேளுங்கள். சில விமான நிலையங்களில் அதற்கென்றே ஒன்றிரண்டு வைத்திருப்பார்கள். கேட்காதவர்களுக்கு யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.